இரண்டாவது கையெழுத்து

பஞ்சாயத்து ராஜ் என்றால் நாம் தேர்தலைப் பற்றித்தான் பேசுகிறோம். தனிப் பஞ்சாயத்தாக அறிவித்தார்களா, மனுப் போட விட்டார்களா, ஓட்டுப் போட விட்டார்களா என்று கேட்கிறோம். ஜெயித்து வந்த தலித் தலைவர் தெருவில் ஒரு பல்பு மாட்டுவதற்கு யார் யார் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. ஆதிக்க சாதியின் அரிவாளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அதன் பேனாவைப் பற்றியும் எழுத வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போவோம். வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி கிராமத்தில் முன்சீப், கர்ணம், தலையாரி, வெட்டியான் என்று அலுவலர்கள் இருந்தார்கள். வரி வசூல் முன்சீப்பிடம், நிலக் கணக்கு கர்ணத்திடம். இந்த இரண்டும் பெரும்பாலும் மேல்சாதிகளின் கையில், அப்பனுக்குப் பின் மகன் என்று இருந்தன. வெட்டியான் வேலை நம்மவர்களுக்கு. சேதி சொல்லவும், மடை திறக்கவும், பிணம் எரிக்கவும் நம் பாட்டன் வேண்டும். கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்க்க மட்டும் அவன் வேண்டாம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு இந்தப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கணக்கை வைத்திருப்பவன் ஊரை வைத்திருப்பான் என்ற பழக்கம் ஒழியவில்லை. அது பஞ்சாயத்து ஆபீசுக்குக் குடிமாறியது.

அம்பேத்கர் ஊரை அறிந்தவர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். அதே மாதம் 22ஆம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்துக்குள் நுழைந்தது. இன்று அது 40ஆவது பிரிவு. அதில் நமக்கென்று ஒரு வரி கிடையாது. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம்தான் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இடம் ஒதுக்கியது. அதையொட்டி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல். தேர்தல் 1996 அக்டோபரில்.

மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்புகையில், பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் 5 பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மனுத் தாக்கல் செய்யவே ஆள் இருக்காது. இருந்தால், ஊர் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, உடனே ராஜினாமா செய்வார். அதிகாரிகள் அதை வாங்கிக்கொண்டு, காலியிடம் என்று எழுதி, மறுபடி தேர்தல் அறிவிப்பார்கள். மறுபடி ராஜினாமா. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பத்து வருஷம் இப்படியே ஓடியது.

2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது; ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். இடையில் சட்டம் மாறவில்லை. அரசு உறுதி காட்டியது. மதுரை ஆட்சியராக இருந்த உதயசந்திரன் ஊர்களுக்கே போய்ப் பேசினார். அப்படியானால் முந்தைய பத்து வருஷத்துக்குச் சாதியை மட்டும் காரணம் சொல்லி அதிகார வர்க்கத்தைத் தப்பவிட முடியாது. நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதும் சாதியின் வரலாறுதான்.

இப்போது செக்குக்கு வருகிறேன். 1994 சட்டத்தின் 188ஆவது பிரிவின்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கையாடலைத் தடுக்க என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடஒதுக்கீடு தலைவர் பதவிக்குத்தான். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் எந்தச் சாதியோ, துணைத் தலைவரும் அந்தச் சாதி. சேரிக்காரர் தலைவரானால், அவர் கையெழுத்து செல்லுபடியாக ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்து வேண்டும்.

நம் பக்கத்துத் தலைவர்களுக்காக நான் பல மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. மோட்டார் போடுபவருக்குச் சம்பளம் பாக்கி. பைப் உடைந்து மாசமாகிறது. துணைத் தலைவரைக் கேட்டால், "பாக்கலாம், நாளைக்கு வா." ஒன்றிய ஆபீசில் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க." தண்ணி வராத ஆத்திரத்தில் ஊரே தலைவரைத் திட்டும்: "இதுகளுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியுமா?" முடக்கிய கை யாருக்கும் தெரியாது.

புகார் முற்றினால் என்ன நடக்கிறது? பல இடங்களில் இரண்டு பேரிடமிருந்தும் செக் அதிகாரத்தைப் பறித்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு நடுநிலை என்று பெயர். துணைத் தலைவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் விரும்பியதே இதுதான். தலைவரோ பெயர்ப் பலகையில் மட்டும் தலைவர். இதற்கும் மேலே 205ஆவது பிரிவு இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு வைத்தவரை ஆட்சியர் நீக்கலாம்.

செயலரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைவர்கள் ஐந்து வருஷத்தில் போய்விடுவார்கள், செயலர் இருப்பார். தீர்மானப் புத்தகம், வரவு செலவு, சாவி எல்லாம் அவரிடம். பழைய கர்ணத்தின் இடம் அது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானபோது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். படம் வெளிவராத ஊர்களை யார் விசாரிப்பது? தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1991 முதல் 1996 வரையும், 2016 முதல் 2019 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லை. தனி அலுவலர்களே நடத்தினார்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் அவர்களையே நியமித்தார்கள். அந்தக் காலங்களில் துணைத் தலைவர் என்று யாரும் கிடையாது. செக்குகள் பாஸாகிக்கொண்டுதான் இருந்தன. ஆக, ஊர்க்காரர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கவே முடியாது என்பதில்லை. நம்மவர் நாற்காலியில் இருக்கும்போது மட்டும் ஏன் அது கட்டாயம்?

நாம் கேட்க வேண்டியவை இவை. கையெழுத்துப் போட மறுக்கும் துணைத் தலைவர் குறிப்பிட்ட நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அவருக்குப் பதிலாக ஒன்றிய அலுவலர் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரின் அதிகாரத்தில் கை வைக்கக் கூடாது. செயலர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். நீக்க நடவடிக்கைகளில் எத்தனை தலித் தலைவர்கள் மீது என்று அரசு வருஷா வருஷம் வெளியிட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தையும் செலவுச் சீட்டுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தச் செக் எத்தனை நாள் யார் வீட்டில் கிடந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். பதவி முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் தலைவர்களிடம் போய், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.