ஃபிளாஷ்

பென் டிரைவிலும் கைப்பேசியிலும் உள்ள நினைவகம், வேகமாக எழுதுவதால் 'ஃபிளாஷ்' ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் வந்தது அழிப்பிலிருந்து. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா இதை உருவாக்கியபோது, தரவு மொத்தமாக ஒரே நொடியில் அழிவது கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டுகிறது என்றார் உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி. 1984இல் வெளியான ஆய்வுக் கட்டுரையோடு பெயரும் உலகுக்கு வந்தது.

பொருத்தமான பெயர்தான், இந்த நினைவகத்தின் தொல்லையும் அதே அழிப்பில்தான் இருக்கிறது. 1 என்ற பிட்டை 0 ஆக்குவது எளிது. மீண்டும் 1 ஆக்க, அது இருக்கும் பிளாக் முழுவதையும் அழிக்க வேண்டும். ஒரு பிளாக் 128 கிலோபைட்டாகக்கூட இருக்கும். அடிக்கடி அழித்தால் தேய்ந்தும் போகும். பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இதையெல்லாம் மறைத்து, தன்னை ஒரு ஹார்டு டிஸ்க் போலக் காட்டிக்கொள்கிறது. இயங்குதளமும் நம்பிவிடுகிறது!

பல வைஃபை ரவுட்டர்களில் அந்தச் சில்லு கிடையாது. அங்கே பழுதான பிளாக்கை ஒதுக்குவதும் தேய்மானத்தைப் பரவலாக்குவதும் இயங்குதளத்தின் வேலை. லினக்ஸில் சில்லு இல்லாத வெறும் ஃபிளாஷைக் கையாளும் அடுக்கு எம்டிடி (MTD), அதன்மேல் இந்த வேலைகளைச் செய்யும் யுபிஐ (UBI). 2008இல் லினக்ஸில் சேர்ந்த யுபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமை, யுபிஐ மீதுதான் இயங்கும். ஹார்டு டிஸ்க் போலத் தெரியும் பென் டிரைவில் அதை நேரடியாகப் போட முடியாது.