மடுவும் கரையும்

மடுகரை என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்தால் மடு, கரை என்ற இரு சொற்கள் நிற்கும். கோடையிலும் நீர் வற்றாத ஆழமான இடத்துக்கு மடு என்று பெயர். புதுச்சேரியின் மேற்குக் கோடியில், தமிழ்நாட்டு ஊர்கள் சூழக் கிடக்கும் இவ்வூருக்கு அண்மையில் பெண்ணையாறு ஓடுகிறது. அவ்வாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரியை நிரப்புவது. பங்காரி, சிங்காரி என்ற தேவதாசிச் சகோதரியர் தம் பொருளைச் செலவிட்டு வெட்டுவித்தது அது என்பது வழிவழிக் கதை.

புதுச்சேரி நகருக்கும் இப்படியொரு கதை உண்டு. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பார்கள். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் எழுந்த மண்டபம் இன்று பாரதி பூங்காவின் நடுவே நிற்கிறது. மாலையில் அதனடியில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் அதை நீரின் நினைவுச்சின்னமாகப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஊர் கூடுமிடமும் நீர் கூடுமிடமும் நம் கிராமங்களில் அருகருகேதான் இருந்தன. ஏரிக்கரை, மந்தைவெளி, ஐயனார் கோயில் காடு: மக்கள் உட்கார்ந்து பேசியதும் பிள்ளைகள் ஆடியதும் இங்கேதான். கரையில் பனை வரிசை. வாய்க்கால் ஓரம் தாழையும் நொச்சியும். கோயில் காட்டில் காசான், வீரை, பாலை என்று இக்கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்கள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி அத்தகைய காட்டின் எச்சத்தை இன்றும் காணலாம்.

சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட காடு நீருக்கு என்ன செய்தது? ஐப்பசி, கார்த்திகை மழை இங்கே தூறலாக வருவதில்லை, அடித்துப் பெய்யும். வெற்று மண்ணில் விழும் துளி மண்துகளைப் பெயர்த்து நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு நீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும்; மண்ணையும் வாரிக்கொண்டு போகும். இலைப்பரப்பு அந்த அடியைத் தாங்குகிறது, சருகு ஓட்டத்தைத் தடுக்கிறது, வேர் போன வழியே நீர் இறங்குகிறது. வண்டல் ஏரிக்குப் போய்ச் சேருமுன்பே கரையோரத்தில் படிந்துவிடுகிறது. ஏரி மேடாவதைத் தாமதப்படுத்தியவை இம்மரங்கள். 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரிகள் ஏன் தூர்ந்தன என்ற கேள்விக்கு விடையில் ஒரு பகுதியேனும் கரைக்கு மேலே, மரம் போன நிலத்தில் இருக்கிறது.

பிறகு வந்தது வேலியிட்ட பூங்கா. பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கு. நடைபாதைக்குச் சிமென்ட் கல் பதி. அயல்நாட்டுப் புல் வளர். மழைநீரைச் சாக்கடைக்கு அனுப்பு. உழவர் ஒருவர் பார்த்தால் சிரித்திருப்பார்.

இதைத் திருப்பிச் செய்தவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமற்ற செம்மண் மேடு. மழைநீர் ஓடைகளாக அரித்துக் கடலில் சிவப்பாகக் கலந்தது. வந்தவர்கள் வரப்பு கட்டினார்கள். முதலில் விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு, அதன் நிழலில் உள்ளூர் மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயலில் அந்த அகேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன. அதே ஆண்டு ஜனவரியில் சென்னையில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டிருந்த அடையாற்று முகத்துவாரத்தை ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினரின் துணையோடு மீட்டார்கள்: இடிபாடுகளை அகற்றி, நீர்வழிகளைத் தோண்டி, அலையாத்தியையும் கரைக்காட்டு மரங்களையும் நட்டார்கள். செடி நட்டது கடைசி வேலை. பள்ளத்தைப் பள்ளமாக்கியதே முதல் வேலை. திணைக்கு இலக்கணம் சொன்னவர் பெயரை வைத்ததில் எனக்கு உடன்பாடே.

மிகைப்படுத்தவும் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுப் பெண்ணையாறு கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தை எந்த நொச்சியும் தடுத்திருக்காது. செடிகள் காப்பது சாதாரண மழையை. ஆனால் ஆண்டில் பெய்வது பெரும்பாலும் சாதாரண மழைதானே?

மடுகரை போன்ற ஊரில் ஒரு விளையாட்டுத் திடல் என்றால், தாழ்ந்த மூலையை நிரப்பாமல் விட வேண்டும். இரண்டு நாளில் வடியுமளவு ஆழம் போதும், இல்லையேல் கொசு. ஓரத்தில் நீர்மருதும் புங்கும் நாவலும். நீர் நுழையும் வாயில் குறுக்கே வெட்டிவேர் வரிசை. அதன் வேர் பத்தடி வரை நேராக இறங்கும். 1980களில் உலக வங்கி மண்ணரிப்புக்கு மருந்தாகப் பரப்பிய இப்புல்லைக் கர்நாடக உழவர்கள் அதற்கும் முன்பே வரப்பில் வைத்திருந்தார்கள்.

அதற்கு நாற்றுத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கடலூர்க் கரையில் நொச்சிக்காட்டில் வெட்டிவேர் பயிராகிறது. அங்கே வேருக்காக வளர்ப்பதால் ஆண்டு முடிந்ததும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். திடலில் நட்டால் மட்டும், வாசனைக்கு ஆசைப்பட்டு யாரும் தோண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.