வேலையை விடாமல் மேற்படிப்பு

நாகரசம்பட்டியிலிருந்து ஓசூர் ஆலையொன்றுக்கு வேலைக்குச் செல்லும் டிப்ளமா இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரம் கடைவதில் அவர் கைதேர்ந்தவர். ஆனால், அச்சக்கரம் பொருந்தும் வண்டியை முழுதாகத் திட்டமிடும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. மேலே படிக்க ஆசை உண்டு. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கு என்ன வழி? இக்கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு.

அவர் கற்க விரும்புவது அமைப்புப் பொறியியல். பாகங்கள் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்று பார்த்து முழுமையைத் திட்டமிடும் துறை இது. ‘சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்’ என்ற பெயர் 1940களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வழக்கில் இருந்தது. அங்குப் பணியாற்றிய கில்மன் என்பவர் 1950இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதைப் பாடமாக நடத்தினார். வேலைத்தலத்தில் வளர்ந்த அறிவு பின்னரே வகுப்பறைக்குச் சென்றது!

இதன் அருமையை நம் நாடும் கண்டது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, நைட்ரிக் அமிலம் கசிந்ததே காரணம். ஒரு வால்வு, பதினேழு டன் ராக்கெட்டைக் கவிழ்த்துவிட்டது. குறையைக் கண்டு திருத்தியபின், 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இனி, படிப்புக்கு வருவோம். 1920இல் சென்னையில் பதிவான இந்தியப் பொறியாளர் நிறுவனம், பணியிலிருப்போர் தாமே படித்து எழுதும் தேர்வுகளை நடத்தியது. ஏ.எம்.ஐ.இ. என்னும் அத்தேர்வு பலரைப் பொறியாளர்களாக உயர்த்தியது. 1979இல் பிலானியின் பிட்ஸ் நிறுவனம், வேலையோடு இணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டில் ஓசூரில் அசோக் லேலண்டு ஆலை இயங்கத் தொடங்கியது, டி.வி.எஸ். 50 மொபெட்டும் அவ்வூரிலிருந்து வெளிவந்தது. தொழிலும் கல்வியும் நெருங்கிவந்த காலம் அது.

எனினும், எல்லாப் பாதையும் ஊர் சேர்ப்பதில்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லுமா என்ற வழக்கில், 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உழைத்துக்கொண்டே படித்துப் பட்டம் பெற்றவர்கள், அது கைநழுவுமோ எனத் தவித்தார்கள். ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்கும், பட்டத்துக்கு இணை என்ற ஏற்பு 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கே உண்டு. ஆகவே, கட்டணம் கட்டுமுன் அங்கீகாரத்தை விசாரியுங்கள்.

இன்றுள்ள வழிகள் யாவை? டிப்ளமா முடித்தவர் முதலில் பட்டப் படிப்பை முடிக்கவேண்டும். பணியில் இருந்தபடியே அதை முடிக்க பிட்ஸ் திட்டத்தில் இடமுண்டு. பட்டதாரிகளுக்கு அங்கேயே எம்.டெக். உண்டு, இறுதி ஆய்வேட்டைத் தம் வேலைத்தலத்துச் சிக்கலை வைத்தே எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் பணியாளர்களுக்கு எம்.டெக். நடத்துகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பணிபுரிவோர் வெளிப்பதிவு மூலம் ஆய்வுப் பட்டத்துக்கு முயலலாம்.

நாகரசம்பட்டிக்கு அருகே போச்சம்பள்ளியில் 2021இல் மின் ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. மின்கலம் சூடேறினால் மோட்டாரின் வேகத்தைக் கணினி நிரல் குறைக்கவேண்டும். எந்தப் பாகம் எப்போது மக்கர் செய்யும் என்பதை அன்றாடம் தொட்டுப் பார்த்தவர் அறிவார். அவர் படிக்க வந்தால், வகுப்பறைக்கும் அது லாபமே!