அச்சம் என்னும் அளவுகோல்

'அகதி' என்றால் போக்கிடம் அற்றவர். வங்காளத்தின் 'உத்வாஸ்து' வாழ்மனையிலிருந்து பெயர்க்கப்பட்டவர். இந்தியின் 'சரணார்த்தி' அடைக்கலம் நாடி வந்தவர். பன்னாட்டுச் சட்டமோ இவை எதையும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அது கையில் எடுத்தது அச்சத்தை.

1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையின்படி, அகதியாக ஏற்கப்பட வேண்டியவர் தம் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இனம், சமயம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற 'தக்க ஆதாரமுள்ள அச்சம்' அவருக்கு இருக்க வேண்டும். அதன் காரணமாகவே அவர் தம் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவராகவோ விரும்பாதவராகவோ இருக்க வேண்டும். பஞ்சமும் வறுமையும் இதில் சேரா. 1951 ஜனவரி 1-க்கு முந்தைய நிகழ்வுகளுக்கே இவ்வரையறை பொருந்தும் என்றனர்; அவற்றையும் ஐரோப்பிய நிகழ்வுகள் என்று குறுக்கிக்கொள்ள நாடுகளுக்கு இடம் தந்தனர். பிரிவினை இலட்சக்கணக்கானோரைப் பெயர்த்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் கால எல்லையை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது. இந்தியா இரண்டிலும் கையொப்பமிடவில்லை.

ஆயினும் இந்தியச் சட்டத்துக்கு அச்சம் புதிதன்று. இடம்பெயர்ந்தோருக்கு இழப்பீடும் மறுவாழ்வும் அளிக்க 1954-இல் இயற்றப்பட்ட சட்டம், இரு நாடுகள் உருவானதாலோ, கலவரத்தாலோ, கலவரம் நேரும் என்ற அச்சத்தாலோ 1947 மார்ச் 1-க்குப் பின் இருப்பிடத்தை விட்டு வந்தவரை 'இடம்பெயர்ந்தவர்' என்றது. இங்கே அச்சத்துக்கு அடைமொழி இல்லை. அது தக்கதா, ஆதாரமுள்ளதா என்று எவரும் கேட்கவில்லை. மாறாக, நிலப்படம் கேள்வி கேட்டது. விட்டு வந்த இடம் மேற்குப் பாகிஸ்தானில் இருக்க வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இந்த இழப்பீட்டின் வரம்புக்கு வெளியே நின்றனர். 1950-இன் நேரு–லியாகத் ஒப்பந்தத்துக்குப் பின், அவர்களது சொத்துரிமை அங்கேயே தொடர்கிறது என்பது அரசின் நிலைப்பாடு. சியால்தா நிலைய நடைமேடையில் குடும்பத்தோடு கிடந்தவருக்கு அந்த உரிமையால் என்ன பயன் என்பது வேறு கதை.

ஜெனீவாவின் அடைமொழி என்ன செய்யும் என்பதைத் தமிழர்கள் இலண்டனில் கண்டனர். புகலிடம் கோரிய ஆறு இலங்கைத் தமிழர்களின் வழக்கில், உண்மையாகவே அஞ்சுபவருக்கு அந்த அச்சமே பெரும்பாலும் போதும் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் போக்கைப் பிரபுக்கள் அவை 1987 டிசம்பரில் மாற்றியது. அச்சம் புறச்சான்றால் நிறுவப்பட வேண்டும். துன்புறுத்தல் நேரக்கூடிய நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்றது. அவர்களுள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி 1989 மார்ச்சில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஐவரும் இங்கிலாந்து திரும்பினர். ஆதாரம் போதுமானதென்று ஏற்கப்படுவதற்குள் அவர்கள் அஞ்சிய இடத்துக்கே ஒருமுறை போய்வர வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில் இராமேசுவரத்தில் படகிலிருந்து இறங்கியவர்களிடம் எவரும் அச்சத்துக்குச் சான்று கேட்கவில்லை. பதிவு செய்து மண்டபம் முகாமுக்கு அனுப்பினர். வாசலில் இந்திய முறையே கனிவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே வந்தவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்துக்கு அவர் வெறும் அயல்நாட்டவராகவே இருந்தார். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிய ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. 1987 ஜூலை 1 முதல் முகாமில் பிறந்த குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லையெனில், பிறப்பால் குடியுரிமை கிடையாது.

2015-இல் வந்த கடவுச்சீட்டு விதித் திருத்தத்தில் அச்சம் மீண்டும் தலைகாட்டியது: 'சமயத் துன்புறுத்தல் அல்லது அதன் அச்சம்'. இம்முறையும் கூடவே நிலப்படமும் நாட்காட்டியும் வந்தன. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகள், ஆறு சமயங்கள், 2014 டிசம்பர் 31 என்று அவற்றை உறுதிசெய்தது. அம்மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை பற்றி அதில் ஏதும் இல்லை.