குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு இயக்கம் (ஐதராபாத் வட்டாரம்)

ஐதராபாத் நகரையும் அதைச் சூழ்ந்த ரங்காரெட்டி மாவட்டத்தையும் களமாகக் கொண்டு 1990களில் வளர்ந்த கல்வி இயக்கம். ‘ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்’ என்று ஊரார், அதிகாரிகள், ஆசிரியர்கள் எல்லோரும் நம்பிவந்ததைப் பள்ளிக்கூடத்தின் வழியே மாற்றியது. இதை முன்னெடுத்தது எம்.வி. ஃபவுண்டேஷன்.

பின்னணி

அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்டோரை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பட்டியலிட்ட ஆபத்தான தொழில்களில் மட்டுமே சிறாரைச் சேர்க்கக் கூடாது என்றது. வயல் வேலையில் பெரும்பகுதியும் வீட்டு வேலையும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன.

தெலங்கானா கிராமங்களில் வேரூன்றியிருந்த வழக்கம் ‘ஜீதம்’. தகப்பன் வாங்கிய கடனுக்காக மகன் நிலக்கிழாரிடம் ஆண்டுக்கணக்கில் மாடு மேய்ப்பான், தொழுவம் கூட்டுவான். சிறுமிகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள்; வீரியப் பருத்தி விதைத் தோட்டங்களுக்கும் போனார்கள். அங்கே மாலையில் ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் காலை வேற்றுச் செடியின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். மாதக்கணக்கில் நீளும் இந்த வேலையோடு பள்ளிக்குப் போக வழியே இல்லை.

தோற்றமும் வளர்ச்சியும்

வரலாற்றறிஞர் மாமிடிப்பூடி வெங்கடரங்கய்யாவின் நினைவாக 1981இல் எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற இந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதை வழிநடத்திய அவருடைய பேத்தி சாந்தா சின்ஹா, ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். கொத்தடிமைத் தொழிலாளரிடையே பணியாற்றியவர். 1991 முதல் அறக்கட்டளையின் கவனம் முழுவதும் சிறாரின் பக்கம் திரும்பியது. முழுநேரப் பள்ளியில் இல்லாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே என்பது அதன் கொள்கை. வேலை முடிந்து படிக்கும் இரவுப் பள்ளியை அது ஏற்கவில்லை.

வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு ‘இணைப்புப் பள்ளி’ முகாம்கள் நடந்தன. அங்கே தங்கி எழுத்தும் கணக்கும் கற்றவர்கள், தங்கள் வயதுக்குரிய வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்ந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் வெட்கத்தில் ஓடிவிடும் என்பது இதற்குக் காரணம். ஊர்க் கூட்டங்களில் பெற்றோரோடு, வேலைக்கு வைத்திருந்த நிலக்கிழார்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பள்ளிக் கதவு திறந்ததும் கூலிக்காரப் பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தடையாக நின்றவை பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சேர்க்கைக்கான கெடு ஆகியவையே. இந்தப் பணிக்காக 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

சட்டத்தில் எதிரொலி

உன்னிகிருஷ்ணன் எதிர் ஆந்திரப் பிரதேசம் வழக்கில், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2002இல் 86ஆம் திருத்தம் கல்வி உரிமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. 2007இல் அமைந்த தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவர் சாந்தா சின்ஹா.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ரங்காரெட்டி கிராமங்களில் கண்ட தடைகளையே நீக்கியது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழுக்காகக் காக்கவைக்கக் கூடாது. இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

மதிப்பீடு

சட்டம் மட்டும் இருந்த காலத்தில் ஜீதம் நீடித்தது. பள்ளி அழைத்தபோது ஊரின் எண்ணம் மாறியது. மாறிய எண்ணத்தைப் பின்வந்த சட்டம் உரிமையாக்கியது. ஆனாலும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் சிறார் உதவலாம் என்று விலக்கு அளிக்கிறது. 14 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. கல்வி உரிமையும் அந்த வயதோடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வயது வரை கல்வியை உரிமையாக்கும் நாளில்தான் இந்த இயக்கத்தின் பணி முழுமை பெறும்.