பட்டாசா ஓடிய லேப்டாப் புஸ்வாணம் ஆவது ஏன்? தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க!

விருதுநகர்ல எங்க வீட்டு பீரோ மேல ஒரு லேப்டாப் நாலு வருஷமா தூங்கிட்டு இருந்துச்சு. நான் பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். சித்தி பொண்ணு எக்ஸெல் பழகணும்னு கேட்டதால, தூசி தட்டி ஆன் பண்ணினேன். அம்மா டீ போட்டு, ஆத்தி, கையில கொடுத்து, நான் குடிச்சும் முடிச்சாச்சு. அப்பவும் வட்டம் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு.

கடையில காட்டினா, ‘இதெல்லாம் செத்துப் போச்சு, புதுசு வாங்கிடுங்க’னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. சித்தப்பாவுக்கு சிவகாசி பக்கத்துல தீப்பெட்டி ஆபீஸ்ல வாரச் சம்பளம். அந்தச் சம்பளத்துல புது லேப்டாப் சுலபமில்லை. “ஏப்பா, நிஜமாவே இதுக்கு வயசாயிடுச்சா?”னு அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

சிப்புக்கு வயசாகுமா?

பெரும்பாலும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு கணக்கை எவ்வளவு நேரத்தில் போட்டதோ, அதே நேரத்தில்தான் பிராசஸர் இன்னைக்கும் போடும். மாறுவது மூன்று விஷயங்கள்: அதன் தலையில் நாம் ஏற்றும் சுமை, டேட்டாவைச் சேமிக்கும் டிஸ்க்கின் நிலை, சுற்றியிருக்கும் சூடு. இந்த மூன்றில் எது பிரச்னைனு கண்டுபிடிக்காம காசு செலவு பண்ணினா வேஸ்ட்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிஸ்டம் திணறும்போது அதைப் பாருங்க. டிஸ்க் 100 சதவிகிதத்தில் நிற்குதா? மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டுதா? ரெண்டும் இல்லாம, அடிப்பக்கம் மட்டும் கொதிக்குதா? நோய் எதுன்னு பாதி தெரிஞ்சுடும்.

டிஸ்க்கும் ரேமும்

2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தவை உட்பட, அந்தக் கால லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுழலும். ஒரு முள் அங்கே இங்கே நகர்ந்து டேட்டாவைத் தேடும். ஃபைல்கள் கூடக் கூட, ஒரே ஃபைல் துண்டு துண்டாகப் பல இடங்களில் சிதறும். முள்ளுக்கு அலைச்சல் அதிகமாகும்.

எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்க 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகலாம். எஸ்.எஸ்.டி-க்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும்னா, இதைச் செய்யுங்க. ‘டீஃப்ராக்’ என்பது ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். எஸ்.எஸ்.டி-க்கு அது தேவையில்லை.

ரேம் என்பது நம்ம வேலை மேஜை மாதிரி. 2 ஜி.பி, 4 ஜி.பி மேஜையில் இருபது டேப் பரப்பினா இடம் பத்தாது. மிச்சத்தை சிஸ்டம் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். அங்கேதான் திணறல். நிறைய மாடல்களில் கூடுதல் ரேம் போட இடம் இருக்கும். வாங்கும் முன் மாடலைச் சொல்லிக் கேட்டுக்கோங்க.

நம்ம பழக்கம் மாறாவிட்டாலும் சுமை கூடும். கணினி விஞ்ஞானி நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதை எழுதிட்டார்: ஹார்டுவேர் வேகமாவதைவிட சாஃப்ட்வேர் கனமாவது அதிகம். இப்போதைய வெப்சைட்களும் அப்டேட்களும் 2014 லேப்டாப்பை நினைச்சு எழுதப்பட்டவை இல்லை.

சிவகாசி வெயிலும் பேப்பர் தூசியும்

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த ஊரைத் தேடிவர வைத்த அதே வறட்சிதான் கம்ப்யூட்டருக்கு வில்லன். பிராசஸர் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், எரிஞ்சு போகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘தெர்மல் த்ராட்லிங்’ என்பது இதுதான். வெளியே வெயில், உள்ளே தூசி அடைத்த ஃபேன் என்றால் இது அடிக்கடி நடக்கும்.

சிவகாசி அச்சகங்களில் இன்னும் கஷ்டம். பேப்பர் வெட்டும்போது பறக்கும் தூசி, அச்சடித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடர் ரெண்டும் சேர்ந்து ஃபேனை அடைக்கும். ஆடி 18-க்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் குவியும். அந்த நேரத்தில் டிசைன் சிஸ்டம் திணறினால், அடி தொழிலுக்கு.

தீர்வு சிம்பிள். வருஷத்துக்கு ஒருமுறை, தூசி அதிகமுள்ள இடத்தில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் பண்ணுங்க. சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, சார்ஜரை எடுத்துட்டு, ஃபேன் சுழலாம பிடிச்சுக்கிட்டுதான் ப்ளோயர் அடிக்கணும். அஞ்சாறு வருஷம் ஆன லேப்டாப்னா, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாத்தச் சொல்லுங்க. மெத்தை மேல, தலையணை மேல வெச்சு யூஸ் பண்ணாதீங்க. காற்று போகும் வழி அடைபடும்.

காசு செலவில்லாத அஞ்சு வேலைகள்

1. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய், ஆன் ஆனதும் தானாக ஓடும் தேவையில்லாத ஆப்களை ‘டிஸேபிள்’ செய்யுங்க.

2. சி டிரைவில் 15 முதல் 20 சதவிகிதம் இடத்தைக் காலியாக வையுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. பழைய சினிமா, ஒரே கல்யாண ஆல்பத்தின் நாலு காப்பி... எல்லாம் அங்கேதான் இருக்கும்.

3. வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகப் புதுசாகத் தொடங்காது. ‘ரீஸ்டார்ட்’தான் முழுக்கப் புதுப்பிக்கும்.

4. ‘கிராக்’ சாஃப்ட்வேர் வேண்டாம். அதோடு சேர்ந்து வரும் வைரஸ், உங்க பிராசஸரை யாருக்கோ கிரிப்டோ காசு தோண்ட வைக்கலாம். வெளியே இருந்து வரும் பென் டிரைவை ஸ்கேன் பண்ணாம திறக்காதீங்க.

5. ஒரு ஆன்டிவைரஸ் போதும். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரே நல்லது. ‘ஸ்பீட் பூஸ்டர்’ ஆப்களை நம்பாதீங்க. பல நேரம் சுமையே அதுதான்.

போனுக்கும் இதே கதைதான்

ஸ்டோரேஜ் நிரம்பினா போனும் திணறும். பேட்டரி மூப்பும் ஒரு காரணம். பேட்டரி பலவீனமான பழைய ஐபோன்கள் திடீரென ஆஃப் ஆகாமல் இருக்க, அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதனால புது போன் வாங்கும் முன், புது பேட்டரி போதுமானு யோசிங்க.

எப்போது பயப்படணும்?

மெதுவாக மந்தமாவது வேற, திடீர்னு மந்தமாவது வேற. நேத்து வரை நல்லா ஓடி, இன்னைக்கு ஃபைல் திறக்கவே திணறுதா, உள்ளேயிருந்து ‘டக் டக்’னு சத்தம் வருதா? ஹார்ட் டிஸ்க் சாகப் போகலாம். வேற எதையும் தொடாம, முதல்ல போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறொரு இடத்தில் காப்பி எடுங்க. வேகத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், தாத்தாவின் கடைசி வீடியோவை வாங்க முடியாது.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இலவசமான, எடை குறைந்த லினக்ஸ் இருக்கு. நமக்கு இது புதுசும் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விலையில்லா லேப்டாப்களிலேயே விண்டோஸோடு சேர்ந்து வந்ததுதான். நாமதான் திறந்து பார்க்கலை.

எங்க வீட்டு லேப்டாப் என்னாச்சு? ஃபேனைச் சுத்தம் பண்ணி, எஸ்.எஸ்.டி மாத்தி, ரேம் கூட்டி, எடை குறைந்த லினக்ஸ் போட்டோம். புது லேப்டாப் விலையில் ஒரு சின்னப் பங்குதான் செலவு. வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம் அதில் நடக்காது. ஆனா டைப்பிங், கணக்குத் தாள், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் தாராளமா நடக்குது. சித்தி பொண்ணு போட்ட முதல் கணக்குத் தாள், சித்தப்பாவோட வாரச் சம்பள வரவு செலவு. டீ ஆறுறதுக்குள்ள லேப்டாப் ஆன் ஆகிடுதுனு இப்போ அம்மாவுக்குத்தான் ஆச்சர்யம்.