சித்த மருத்துவமும் ஆசிரிய மாணாக்க மரபும்

மருத்துவம் என்பது பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வான் என்னும் நான்கனையும் தன்னகத்துக் கொண்டது எனத் திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிற் கூறும். இந்நான்கனுள் மருந்தின் இயல்பு நூலாற் காக்கப்படும். மருத்துவனோ நூலால் மட்டும் ஆக்கப்படுவானல்லன். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு நன்கு புலப்படும். அம்மருத்துவ ஏடுகளைக் கையாளுந்திறன் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு எவ்வாறு சென்றது என்பதும், அவ்வழி மாறியபோது நிகழ்ந்தது யாது என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

உடம்பைப் பேணுதல் உயிர்க்கு உறுதி தேடுவார்க்கும் வேண்டப்படுவதே என்பது சைவ நூல்களுக்கு உடன்பாடு. பத்தாந் திருமுறையாகிய திருமந்திரம் தன் மூன்றாந் தந்திரத்தில் யோகத்தை விரிக்குமிடத்துக் காயசித்தி உபாயம் எனத் தனித் தலைப்பு வகுத்திருத்தல் இதற்குச் சான்றாம். சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களும் இந்நெறியை ஒட்டியே ஆசிரியனை முன்னிட்டுத் தொடங்குகின்றன. அவற்றின் நடையும் ஆசிரியனின்றிக் கற்க இயலாதவாறே அமைந்துளது.

அந்நூல்கள் பெரும்பாலும் செய்யுளால் ஆயவை. அகத்தியர், போகர், தேரையர், யூகி முதலியோர் பெயர்களைத் தாங்கிப் பாட்டின் தொகையையே தலைப்பிற் கொண்டு வழங்குவன பல. செய்யுள் நெட்டுருச் செய்தற்கு எளிது. ஆனால் நெட்டுருச் செய்தவன் பொருளையும் உணர்ந்தான் என்பது பெறப்படாது. அவற்றிற் பயிலும் பரிபாஷை என்னும் குழூஉக்குறி பொருளை மறைத்து நிற்கும். குமரி என்றவழிச் சோற்றுக்கற்றாழை கொள்ளப்படும். விந்து என்றவழி இரசமும், நாதம் என்றவழிக் கெந்தகமும் கொள்ளப்படும். தத்துவநூல் பயின்றான் ஒருவன் இச்சொற்களைக் கண்டவுடன் சுத்தமாயையின் காரியங்களையே கருதுவான்; மருந்து செய்வான் கடைச்சரக்கையே கருதுவான். எவ்விடத்து எப்பொருள் என்பதை உணர்த்துவான் ஆசிரியன் ஒருவனே. ஆகலின் ஏடு பூட்டாகவும் ஆசிரியன் வாய்மொழி திறவுகோலாகவும் அமைந்தன.

மாணாக்கன் ஆசிரியன் இல்லத்தை அடைந்தவுடன் நாடி பார்க்கக் கற்றானல்லன். முதற்கண் அவன் மூலிகை பறிக்கச் சென்றான். இலை, பூ, வேர் என்பவற்றை நிறத்தானும் மணத்தானும் சுவையானும் அறிந்தான். அடுத்துக் கல்வத்தின்முன் அமர்ந்து, சாமக்கணக்கில் மருந்தரைத்தான். பின்னர்ச் சரக்குகளின் சுத்தி கற்பிக்கப்பட்டது. நேர்வாளத்தின் பருப்பினுள் இருக்கும் முளையை நீக்காது மருந்திற் சேர்த்தல் தீங்கு பயக்கும் என்பதைத் தன் கையாலேயே முளையைக் களைந்து அவன் அறிந்துகொண்டான்.

இதன்மேற் கற்பிக்கப்படுவது தீயின் அளவு. அகலில் இட்ட மருந்தைச் சீலைமண் செய்து வரட்டி அடுக்கி எரித்தல் புடம் எனப்படும். காடைப் புடம் ஒரு வரட்டியால் ஆவது. கசபுடம் ஆயிரம் வரட்டியால் ஆவது. எண்ணிக்கையை ஏடு கூறும். வரட்டியின் கனமும் உலர்ச்சியும் காற்றின் போக்கும் எண்ணிக்கையுள் அடங்கா. எண்ணெய் காய்ச்சுமிடத்தும் அவ்வாறே. அடியிற் படிந்த வண்டலை இருவிரலால் உருட்டி மெழுகுபதமோ, கடுகுபதமோ, மணற்பதமோ என்று அறிதல்வேண்டும். ஒருபதம் தவறி மறுபதம் எய்தின் மருந்து வேறாய்விடும். இவ்வறிவு விரலில் இருப்பதன்றி ஏட்டில் இருப்பதன்று.

நோயாளியைத் தேரும் முறை இவற்றின் பின்னரே கற்பிக்கப்பட்டது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டும் தேர்தற்குரியன. பெருவிரலின் கீழ் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஆடவர்க்கு வலக்கையிலும் மகளிர்க்கு இடக்கையிலும் நாடி பார்த்தல் மரபு. வளி ஒன்று, அழல் அரை, ஐயம் கால் என்னும் அளவில் நிற்றல் நலமுடைமை. வளிநாடி அன்னமும் கோழியும் மயிலும் போலவும், அழல்நாடி ஆமையும் அட்டையும் போலவும், ஐயநாடி தவளையும் பாம்பும் போலவும் நடக்கும் என்று உவமையாற் கூறினர். உவமை கூறியது எற்றுக்கெனின், விரலுணர்ச்சியைச் சொல்லால் நேரே விளக்கல் இயலாமையான் என்க. ஆசிரியன் விரல் வைத்து உணர்ந்தபின் மாணாக்கன் அவ்விடத்தே விரல் வைத்து உணர்வான்; ‘இதுவே ஆமை நடை’ என்று ஆசிரியன் கூறுவான். அவ்வாறு கண்ட கைகள் பலவாயபின்னரே உவமைக்குப் பொருள் விளங்கும். நீரில் நல்லெண்ணெய்த்துளி விட்டு, அது பாம்புபோல் நீளின் வளியென்றும், மோதிரம்போல் வளையின் அழலென்றும், முத்துப்போல் நிற்பின் ஐயமென்றும் துணியும் நெய்க்குறியும் இவ்வாறு அருகிருந்து கண்டு பயின்றதே.

தேரையர் பெயர்க்காரணமாக வழங்கும் கதை ஒன்று இம்மரபின் கருத்தைப் புலப்படுத்தும். ஒருவன் மண்டையுட் புகுந்திருந்த தேரையை அகத்தியர் எடுக்கக் கருதிக் கபாலத்தைத் திறந்தனர். மூளையைப் பற்றியிருந்த தேரையை ஊறின்றி நீக்கும் வழி யாதென அவர் எண்ணியபோது, அருகில் நின்ற மாணாக்கர் நீர் நிறைந்த கலத்தைக் கொணர்ந்து காட்டினர். தேரை நீரிற் குதித்தது. இதனை வரலாறெனக் கொள்ளவேண்டுவதில்லை. மாணாக்கன் அருகிருந்து கைகொடுத்துக் கற்றான் என்பதும், கற்பித்தவரினும் ஒருகால் விரைந்து உணர்தல் அவனுக்குக் கூடும் என்பதும் இக்கதையாற் பெறப்படும்.

குமரி நாட்டு ஆசான்மார் போற்றிவரும் வர்மக்கலை இம்மரபின் மற்றொரு முகத்தைக் காட்டும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என வர்மங்கள் 108 என்ப. உயிர்நிலையாகிய இவ்விடங்களை அறிந்தவன் தீர்க்கவும் வல்லன், கொல்லவும் வல்லன். ஆகலின் ஆசான் மாணாக்கனது சினத்தையும் அடக்கத்தையும் நெடுநாள் தேர்ந்தே சிறிது சிறிதாக உரைத்தான். ஈண்டு மறைத்தல் பிறர் உயிர்க்குக் காவலாயிற்று.

எனினும் இம்மரபு குறையற்றது என்பது பொருந்தாது. தகுதியுடைய மாணாக்கன் வாயாதபோது ஆசிரியன் அறிந்தது அவனோடு மறைந்தது. பொருள் நோக்கி மறைத்தாரும் உளர். கல்லாது தம்மை மருத்துவர் என்றாரும் உளர். பிழையாகச் செய்த பற்ப செந்தூரங்களால் துன்புற்றவன் எவரிடம் முறையிடுவது என்பதற்கும் அம்மரபில் விடையில்லை.

இக்குறையை நீக்க முயன்றாருள் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) குறிப்பிடத்தக்கார். அவர் அமைத்த தன்வந்திரி மகாலிற் பன்முறை மருத்துவரும் கூடி மருந்துகளை ஆய்ந்தனர். அனுபவத்திற் கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் தொகுதிகள் அவ்வழி வந்தன. தனியொருவர் கையறிவைப் பலர் முன்னிலையிற் சோதித்துப் பதிந்துவைத்தது அம்முயற்சியின் சிறப்பு. அதன் பின்னரும் பழைய வழியே கற்றுப் புகழ் பெற்றாரும் இருந்தனர். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சுருளிமலையிற் கருணானந்தர் என்னும் முனிவரையடைந்து மருத்துவம் உணர்ந்து, தஞ்சையில் அதனை நடத்தினார். தம் மருந்துகளுக்கு ஆசிரியர் பெயரையே இட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. சென்னை மாகாண அரசு முகம்மது உசுமான் தலைமையில் 1921-ஆம் ஆண்டில் அமைத்த குழு, நாட்டு மருத்துவரிடம் சான்று கேட்டு 1923-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அக்குழுவின் செயலாளராக இருந்த சீனிவாசமூர்த்தியின் தலைமையிற் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்று, ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. காவல்துறையிற் பணிபுரிந்த தி. வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த மருத்துவ அகராதி 1931-ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயிற்று. பரிபாஷையின் பூட்டு அச்சிலே திறக்கப்பட்டது.

பள்ளியின் பிற்கால வரலாறு வேறாயிற்று. மேலைமருத்துவமும் உடன் கற்பிக்கப்பட்ட அந்நிலையம் கல்லூரியாக உயர்ந்து, 1960-ஆம் ஆண்டிற் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி என்னும் மேலைமருத்துவக் கல்லூரியாயிற்று. சித்தத்திற்கெனப் பாளையங்கோட்டைக் கல்லூரி 1964-ஆம் ஆண்டிலே தோன்றியது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பாடத்தையும் தகுதியையும் நாடு முழுதும் ஒருநெறிப்படுத்தியது. தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இங்ஙனம் பட்டமே மருத்துவனை அறியும் அடையாளமாயிற்று.

இம்மாற்றத்தாற் போந்த நன்மை பெரிது. குலமும் உறவும் நோக்காது எவரும் கற்கலாயினர். உடற்கூறு கண்ணாற் கண்டு உணரப்படுகின்றது. இரசமும் பாடாணமும் உடம்பிற்குக் கேடு செய்வன என்பது ஐயமற ஆராய்ந்து கண்ட உண்மையாகலின், அவை சேர்ந்த மருந்துகளை ஆய்வுக்கூடத்திற் சோதித்தல் இன்றியமையாதது. ஆசிரியன் சொல் ஒன்றே அதற்குப் போதிய சான்றாகாது.

அங்ஙனமாயின் பழைய மரபு இனி வேண்டாவோ எனின், அற்றன்று. அகராதி சொற்பொருளைத் தரும். விரலுக்கு நாடியைத் தராது. அட்டவணை வரட்டிக் கணக்கைத் தரும். தீயின் பக்குவத்தைத் தராது. தேர்வுத்தாள் மாணாக்கன் நினைவை அளக்கும். நோயாளியின் அருகில் அவன் பொறுமையை அளக்காது. பட்டம் பெறாத பரம்பரை மருத்துவர் மறையுந்தோறும் இக்கையறிவு குறைகின்றது. அவர்களுடைய ஏடுகளைத் திரட்டிக் காப்பதால் மட்டும் அது மீளாது. சரபோசி காலத்திற்போல அவர்தம் செயல்முறையைக் கற்றோர் அருகிருந்து கண்டு, சோதித்து, தீயதைக் களைந்து, நல்லதைப் பதிந்து, மாணாக்கரைக்கொண்டு கையாற் பயிலச் செய்தல் வேண்டும். ஏடும் கையும் ஒருங்கு வருவதே கல்வி. அவ்விரண்டும் பிரியின், இழப்பு ஆசிரியனுக்கோ மாணாக்கனுக்கோ அன்று, மருந்தை நம்பி வந்த பிணியாளனுக்கே.